பங்கு போட முடியாத எண்

கராகுதுக் நகரம்
வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு இடைவேளை

மதிப்பிற்குரிய தாய்மாமன் தொக்சான்பாய் அவர்களுக்கு, மூத்த மருமகன் மெயிர்ஜான் தலைவணங்கி எழுதிக்கொள்வது.

ஆடுகள் சுகமா, குதிரைகள் சுகமா, அந்தக் கிழட்டு ஒட்டகம் மறுபடி பள்ளத்தில் விழாமல் இருக்கிறதா, அத்தை சுகமா? முறைப்படி கால்நடையை முதலில் கேட்டு மனிதர்களைப் பிறகு கேட்டிருக்கிறேன், கவனிக்கவும். இங்கே என்னை வளர்த்த அப்பா நலம். என்னைப் பெற்ற அண்ணன் நலம். அண்ணி, அதாவது உங்கள் அக்கா, நலம். ஆனால் என்னோடு பேசுவதில்லை. தாத்தாவை அப்பா என்றும் அப்பாவை அண்ணன் என்றும் கூப்பிட்டு வளர்ந்த தலைப்பேரனுக்கு நலம் சொல்வதற்கே இரண்டு வரி கூடுதலாகிறது. மரியாதை முடிந்தது.

உங்கள் முகாமில் போன் எடுக்காது என்பதால் இதை வேன் ஓட்டும் ஓராஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதினான்கு இருக்கையும் நிறையாமல் அவர் வண்டியை எடுக்கமாட்டார். இப்போது ஐந்து பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் ஒருவர் சும்மா குளிருக்காக ஏறியவர். ஆகவே நீளமாக எழுத நேரம் இருக்கிறது. என் தங்கை பிபிகுலும் இதே ஓராஸிடம் உங்களுக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறாள். அதை முதலில் படிக்க வேண்டாம். முடிந்தால் படிக்கவே வேண்டாம். அதில் அழுகை அதிகம், தரவு குறைவு.

விஷயம் இது. நம் ஊர் மக்கள்தொகை இரண்டு லட்சத்தைத் தொடும் அன்று அந்த இரண்டு லட்சமாவது ஆளின் குடும்பத்துக்கு, நீர்த்தொட்டிக்கு எதிரே எழும்பியிருக்கும் புதுக் கட்டடத்தில் மூன்று அறை வீடு பரிசு என்று நகரத் தலைவர் நௌரிஸ் புத்தாண்டுப் பண்டிகை மேடையில் அறிவித்தது உங்கள் ஆடுகளுக்குக்கூடக் கேட்டிருக்கும், அப்படி ஒலிபெருக்கி வைத்தார்கள். சதுக்கத்தில் சிவப்பு விளக்கெழுத்துப் பலகை ஒன்றும் நிறுத்தினார்கள். பிறந்தால் ஒன்று கூடும், இறந்தால் ஒன்று குறையும், அல்மாட்டிக்குப் பிழைக்கப் போனால் குறையும், பிழைக்க முடியாமல் திரும்பி வந்தால் கூடும். பலகைக்கு எண் சொல்வது எங்கள் புள்ளியியல் அலுவலகம். மூன்று வாரமாக அந்த எண் ஏறுவதும் இறங்குவதுமாக, ஊரே மல்யுத்தம் பார்ப்பது போல் வேலை வெட்டியை விட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. நிறைமாதக்காரிகள் மாலையில் பலகை முன்னால் உலாவ ஆரம்பித்தார்கள். நாலு பேர் கொண்ட குடும்பம் ஒன்று மூட்டை முடிச்சோடு அல்மாட்டி ரயிலில் ஏறியபோது நடைமேடையில் நின்றவர்கள் ஜன்னலைத் தட்டித் திட்டினார்கள்: "ஒரு வாரம் பொறுத்துப் போனா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு? எங்களுக்கு நாலு குறையுது!"

பிபிகுல் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். டயர் கடைக்குப் பின்னால், சக்கரம் கழற்றிய ரயில் பெட்டி மாதிரி ஒரு தகரப் பெட்டி. அதில் அவள், அவள் புருஷன் சாயாத், இரண்டு பெண் பிள்ளைகள், மாமியார் ஷெக்கெர் அம்மா. ஒருவர் திரும்பிப் படுத்தால் ஐந்து பேரும் திரும்பிப் படுக்க வேண்டும். போன குளிர்காலம் உள்சுவரில் பனி பிடித்தது, சின்னவள் அதை நக்கி நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது ஆறாவது ஆள். அந்த வீடு அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான் மாமா. ஆனால் ஆசை வேறு, எண் வேறு. இந்த ஒரு வாக்கியத்தை ஒத்துக்கொள்ள நம் குடும்பத்தில் ஒருவருக்கும் வயதாகவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, பலகை 1,99,999-இல் நிற்கும்போது, சரித்திர நேரம் வருகிறதே, தரவு சுத்தமாக இருக்கட்டும் என்று நான் என் சொந்தச் செலவில் மண்டையைக் கசக்கி எழுதிய சரிபார்ப்பு நிரலை ஓட்டினேன். இரண்டு லட்சம் வரிகளை அது பதினொரு நிமிடத்தில் மென்று முடித்து, ஒரே ஒரு ஆள் இரண்டு வரிகளில் இருப்பதாகத் துப்பியது. பிறந்த தேதி ஒன்று, தெரு ஒன்று, ரத்த வகை ஒன்று, வீடு மட்டும் இரண்டு. எப்படி வந்திருக்கும் என்பது நம் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு வெளிச்சம். எவனோ ஒரு தலைப்பேரன். தாத்தா மடியில் தூக்கி வைத்துக்கொண்டு "இவன் என் கடைக்குட்டி" என்று தன் வீட்டில் பதிந்திருப்பார், பெற்றவனும் விடாமல் தன் வீட்டில் பதிந்திருப்பான், அந்தச் செல்லப் பையன் இரண்டு வீட்டிலும் தின்று கொழுத்து ஊர்க் கணக்கையே ஒன்று கூட்டிவிட்டான். கசாக்கு தேசத்தில் அல்லாமல் வேறெங்கும் இப்படி ஒரு பிழை முளைக்காது. தாத்தா வீட்டு வரியை நீக்கினேன். பெற்றவன் வீட்டு வரியை வைத்துக்கொண்டேன். உயிரியல்படி அதுதான் நியாயம்.

அதற்குள் நான்கு பத்துக்கு பிபிகுலுக்கு ஆண் குழந்தை. எங்கள் மூத்த எழுத்தர் ரௌஷான் அக்கா, முப்பத்தொரு வருடமாக ஒரு பூப்போட்ட நோட்டும் பென்சிலுமாக இந்த ஊரை எண்ணிக்கொண்டிருப்பவர், நோட்டைப் பார்த்து போனில் "ரெண்டு லட்சம்!" என்று சொல்லிவிட்டார். பலகை மாறியது. நான் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடிப்போய்ச் சேரும்போது வாத்தியக் குழு ஊதிக்கொண்டிருக்கிறது, நகரத் துணைத் தலைவர் கழுதைக் காது நீளத்துக்கு ஒரு மரச் சாவியை, தங்க வர்ணம் பூசியதை, சாயாத் கையில் கொடுத்துவிட்டார், சாயாத் அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நிற்கிறார், குழந்தை உள்ளே. நான் படியில் ஏறி, எல்லோருக்கும் கேட்கும்படி, "எண்ணிக்கை தப்பு. இந்தக் குழந்தை 1,99,999. அடுத்துப் பிறப்பதுதான் இரண்டு லட்சம்" என்றேன்.

ஊதியவர்கள் பாதியில் நின்றார்கள். துணைத் தலைவர் என் காதருகே குனிந்து, "தம்பி, மேளம் அடிச்சாச்சு. ஒரு ஆள்தானேப்பா?" என்றார்.

"ஒரு ஆள் குறைஞ்சா அது வேற எண்ணுங்க."

"உன் தங்கச்சி பிள்ளைடா!"

"தங்கச்சி எனக்குத்தான். எண்ணுக்குத் தங்கச்சி கிடையாது."

ரௌஷான் அக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்து என் கையைப் பிடித்தார். "ரெண்டு தடவை வந்திருக்கான்னு சொல்றியே, யாருப்பா அவன்? பேரைப் பாத்தியா?"

"பேர் எதுக்கு? வரிசை எண் போதும்."

"பேரைப் பாருடா கண்ணு."

"அக்கா, முப்பத்தொரு வருஷமா பேரைப் பாத்துப் பாத்துத்தான் இந்த ஊர்க் கணக்கு இந்த லட்சணத்துல இருக்கு."

அக்கா நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சாயாத் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது தங்க வர்ணம் அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது, அதை வேட்டைநாய் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். சரியாக நாற்பது நிமிடம் கழித்து, மூன்று மாடி மின்சாமான் கடை நோயான் வீட்டு மருமகளுக்கு மகன் பிறந்தான். வாத்தியக் குழு மறுபடி ஊதலாமா என்று கேட்டது. நாளை, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, பரிசுக் குழு கூடி முடிவு சொல்லும் என்று துணைத் தலைவர் சாவியைத் தன் காரின் பின்பக்கத்தில் வைத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். நோயான் அன்றைக்கே ஜன்னல் திரைச்சீலைக்கு அளவெடுக்க ஆள் அனுப்பிவிட்டாராம். எனக்கு ஒரு மின்கெண்டியும் அனுப்பினார், "நேர்மையான தம்பிக்கு" என்று. திருப்பி அனுப்பிவிட்டேன். நேர்மைக்குக் கெண்டி கிடையாது.

மறுநாள் பிபிகுல் வீடு திரும்பியதும் நான் ஆறுதல் சொல்லப் போனேன். இங்கேதான் மாமா, நான் செய்த நன்மையை ஒருவரும் புரிந்துகொள்ளவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். வெறும் கையோடு போகவில்லை. நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஏனென்றால் உண்மையில் 1,99,999 என்பது இரண்டு லட்சத்தைவிட எவ்வளவோ உயர்ந்த எண். அது பகா எண். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. 447 வரை உள்ள எண்பத்தாறு பகா எண்களாலும் நானே கையால் வகுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை, ஏன் என்று நேரில் வரும்போது விளக்குகிறேன். ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை. இரண்டு லட்சம் என்ன? இரண்டை ஆறு முறையும் ஐந்தை ஐந்து முறையும் பெருக்கினால் வந்து விழும். தன்னையும் சேர்த்து நாற்பத்திரண்டு எண்கள் அதை வகுக்கும். சந்தைக் கழுதை மாதிரி யார் வேண்டுமானாலும் ஏறலாம். தன்னை விட்டுவிட்டு மற்ற காரணிகளைக் கூட்டினால் 2,96,062, தன்னையே தாண்டிவிட்டது! இப்படி வீங்கினதை மிகை எண் என்பார்கள். உங்கள் பெயரும் அப்படித்தான்: உங்கள் தாத்தா தொண்ணூறு வயதில் உங்களைக் கையில் வாங்கியதால் தொக்சான், அதாவது தொண்ணூறு, என்று பெயர் வைத்தார்கள், தொண்ணூறின் மற்ற காரணிகளைக் கூட்டினால் நூற்று நாற்பத்து நான்கு, அதுவும் மிகை. உங்கள் பெல்ட்டைப் பார்க்கும் எவரும் இதை மறுக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஷெக்கெர் அம்மா எண்ணெய்ச் சட்டியில் பவுர்சாக் மாவுருண்டை பொரித்துக்கொண்டிருந்தார். காகிதத்தை எட்டிப் பார்த்தவர் முகம் திடீரென்று மலர்ந்தது. "அடியே பிபிகுல்! இங்க பாரு, அஞ்சு ஒன்பது வரிசையா நிக்குது! சீர் குடுத்தா ஒன்பது ஒன்பதா குடுக்கணும்னு நம்ம முன்னோரு வெச்சாங்களே. என் பேரன் அஞ்சு ஒன்பதோட வந்திருக்கான்டி! வீடு போனா போகட்டும்."

பிபிகுலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சாயாத் பிறகு சொன்னார். ஆனால் பொய்யான ஆறுதலில் ஒரு குடும்பம் நிற்கக் கூடாது.

"பார்க்கத்தான் ஒன்பது. உள்ள ஒன்பதே கிடையாது" என்றேன். "இலக்கத்தைக் கூட்டுங்க. நாப்பத்தாறு. ஒன்பதால வகுபடாது. மூணாலகூட வகுபடாது. சொன்னேனே, எதாலயும் வகுபடாது."

"எதாலயுமா?" என்றார் ஷெக்கெர் அம்மா. கரண்டி நின்றுவிட்டது.

"எதாலயும்."

"அப்ப ரெண்டு பேரு வந்தா?"

"பங்கு வராது."

"மூணு பேரு வந்தா?"

"வராது."

"ஒரு ஆட்டை அறுத்தா தலை ஒருத்தருக்கு, தொடை ஒருத்தருக்கு, காது குழந்தைக்கு, குடலு பக்கத்து வீட்டுக்குன்னு பங்கு போட்டுத்தான் நாம மனுசங்களா இருக்கோம். பங்கு போட முடியாத எண்ணைக் கொண்டாந்து என் பேரன் நெத்தியில ஒட்டறியே, நீயெல்லாம் படிச்சவனா? நாளைக்கு அவன் வீட்டு வாசல்ல ஒரு விருந்தாளி வந்து நிப்பானா?"

நான் பொறுமையாக அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். எண்ணை ஒன்றும் பூஜ்யமுமாக, கணினி எழுதுவது போல் எழுதிப் பார்த்தால் இரண்டு லட்சத்தில் ஆறு ஒன்றுகள் வரும். ஒன்றுகள் இரட்டைப்படையில் வரும் எண்ணுக்குக் கணிதக்காரர்கள் "தீய எண்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், நான் வைக்கவில்லை. "பாத்தியா, நோயான் பேரன் தீய எண்" என்று பிபிகுலிடம் சொன்னேன். அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "அப்ப என் பிள்ளை எண்ணுல எத்தனை ஒண்ணு அண்ணே?" என்றாள்.

"பதினொண்ணு. ஒற்றைப்படை."

"அதுக்கு என்ன பேரு?"

கேட்டால் சொல்லத்தானே வேண்டும். "வெறுப்பு எண்" என்றேன்.

சிரிப்பு போய்விட்டது. நான் விடவில்லை. "மகிழ் எண்" என்றும் ஒரு வகை உண்டு. இலக்கங்களை வர்க்கம் செய்து கூட்டு, வந்ததை மறுபடி அப்படியே செய், கடைசியில் ஒன்றில் வந்து நின்றால் மகிழ் எண். அவளே ஆசையாகக் கேட்டாள், "எங்க பையன் அதுலயாவது வருவானா?" என்று. பார்த்தேன். 1,99,999 போய் 406, 52, 29, 85, 89. அதற்குப் பிறகு ஒன்றுக்கு வரவே வராது, செக்குமாடு மாதிரி ஒரே வளையத்தில் சுற்றும். ஆனால் மாமா, இரண்டு லட்சத்தையும் பார்த்தேன்: 4, 16, 37, 58, 89. அதே எண்பத்தொன்பது! அதே ஐந்தாவது அடியில்! வீடு கிடைத்தவனும் கிடைக்காதவனும் ஐந்தே அடியில் ஒரே செக்கில் மாட்டுகிறார்கள். இதைவிட அழகான ஆறுதலை எந்த முல்லாவாவது சொல்லியிருப்பாரா? நான் அவளுக்கு இதை வளையம் போட்டே வரைந்து காட்டினேன்.

அவள் வளையத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் தொப்பியைச் சரி செய்துகொண்டே சொன்னாள்: "நீ எல்லாத்தையும் வகுத்துப் பாத்த அண்ணே. ஒரே ஒரு தடவை எங்களோட உக்காந்து கூட்டிப் பாத்தியா?"

"கூட்டினா ஆறு" என்றேன்.

பவுர்சாக் கிண்ணம் பறந்து வந்தது. ஷெக்கெர் அம்மா எறிந்தது. எண்பது விழுக்காடு என் மேல் விழுந்தது, மீதி டயர் கடை நாய்க்கு. சூடு.

அன்றிலிருந்து நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சுருக்கமாக முடியாது என்றாலும். அண்ணி பேசுவதில்லை. அப்பா என் தேநீரில் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டார், கேட்டால் "பால் பகா எண்ணாம்" என்கிறார். முடி வெட்டுகிறவர் ஒரு பக்கம் வெட்டிவிட்டு, "மறுபக்கம் ரெண்டு தடவை வெட்டினதா உன் கம்ப்யூட்டர்ல இருக்கும், பாரு" என்று கண்ணாடியைத் திருப்பிவிட்டார். இதை எழுதும்போது தொப்பியோடு எழுதுகிறேன். அலுவலகத்தில் நான் தனியாகச் சாப்பிடுகிறேன். ரௌஷான் அக்கா மட்டும் தினமும் மேசைப் பக்கம் வந்து, "பேரைப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். பெயரைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் எண் போகும். நாளைக் குழு முன்னால்தான் உறையைப் பிரிப்பது போல் பிரிக்கப் போகிறேன், அப்போதுதான் என் மேல் ஒருவரும் விரல் நீட்ட முடியாது.

சனிக்கிழமை குழந்தைக்குப் பெயர் வைக்கிற விருந்து. "கணக்கன் வாசல்படி மிதிச்சா நான் குழந்தையத் தூக்கிக்கிட்டு டயர் கடைக்குப் போயிருவேன்" என்று பிபிகுல் சொல்லிவிட்டாளாம். பெற்றவள் பக்கத்துத் தாய்மாமன் நான், என் தங்கை மகனுக்குப் பெயர் வைக்கும்போது நான் தெருவில் நிற்பதா? நீங்களே ஒரு தாய்மாமன், உங்களுக்குத் தெரியாததில்லை.

ஆகவே மாமா, என் உரிமையைக் கேட்கிறேன். மருமகன் கேட்கும் மூன்றைத் தாய்மாமன் மறுக்கக் கூடாது என்பது நம் முறை. முதலாவதாக வேட்டைநாய்க் குட்டி கேட்டேன், கொடுத்தீர்கள். இரண்டாவதாகப் பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள் கேட்டேன், எஞ்சின் இல்லாமல் கொடுத்தீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மூன்றாவது இது: குட்டி போடும் பருவம், ஆட்டை விட்டு நகர முடியாது என்றெல்லாம் சொல்லாமல், சனிக்கிழமை ஒரு கருந்தலை ஆட்டோடு நகரத்துக்கு வந்து, தலையிடத்தில் உட்கார்ந்து, மூத்தவருக்குரிய ஆட்டுத்தலையைக் கையில் வாங்கிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் "மெயிர்ஜான் சொன்ன எண்தான் சரி" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். உங்களை மீறி அவள் பேசமாட்டாள். சாயங்காலம் கிடையைப் பார்த்தவுடன் எண்ணாமலே "ஒண்ணு குறையுது" என்று சொல்கிறவர் நீங்கள். ஒன்று என்றால் என்ன என்று இந்தக் குடும்பத்தில் தெரிந்தவர்கள் நீங்களும் நானும்தான்.

உங்கள் கூடாரத்தின் உச்சி வளையம் தாழாமல் இருக்கட்டும், அடுப்பில் புகை ஓயாமல் இருக்கட்டும், ஈன்ற ஆடெல்லாம் இரட்டையாக ஈனட்டும், எத்தனை என்று நான் கேட்கமாட்டேன், நீங்களும் சொல்லமாட்டீர்கள். அத்தைக்கு வணக்கம். ஒட்டகத்துக்கும்.

என்றும் சரியான,
உங்கள் மருமகன்
மெயிர்ஜான்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஓராஸ் வண்டியில் இன்னும் பதின்மூன்று பேர்தான், ஆகவே கடிதம் கிளம்பவில்லை, ஆகவே இதை எழுத வேண்டியிருக்கிறது.

குழு பத்து மணிக்குக் கூடியது. நோயான் திரைச்சீலைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிபிகுல் குழந்தையோடு வந்திருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. நான் திரையை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பி வைத்து, இரண்டு தடவை எண்ணப்பட்ட ஆளின் கோப்பைத் திறந்தேன். திரையில் இப்படி வந்தது. நீக்கப்பட்டவர்: மெயிர்ஜான். நீக்கியவர்: மெயிர்ஜான்.

அப்போது ரௌஷான் அக்கா பூப்போட்ட நோட்டைத் திறந்தார். முதல் பாகத்திலேயே, இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய பக்கம். பெற்றவன் வீட்டில் என் பெயர், அதன் மேல் பென்சிலால் ஒரு கோடு, ஓரத்தில் அவர் கையெழுத்தில்: தாத்தா மடிக்குப் போனான், ஒரே ஆள், கழித்தாயிற்று. "உனக்கு நாப்பதாவது நாளு. விருந்துல ஈரல் வறுவல் நல்லா இருந்துச்சு. வீட்டுக்கு வந்த கையோட அடிச்சிட்டேன்" என்றார். அதாவது மாமா, அக்கா என்னை அன்றைக்கே ஒரு தடவை கழித்துவிட்டார். நான் வைத்துக்கொண்ட பெற்றவன் வீட்டு வரி அவர் அடித்த வரி, மொத்தத்தில் சேராதது. மொத்தம் அன்றிலிருந்து சரியாகவே இருந்திருக்கிறது. நான் செவ்வாய்க்கிழமை மிச்சமிருந்த இன்னொரு மெயிர்ஜானையும் கழித்துவிட்டேன். பிபிகுலின் மகன் இரண்டு லட்சம்தான். சாவி அவளிடம் போய்விட்டது. திரைச்சீலையை நோயான் அங்கேயே அவளுக்குக் கொடுத்துவிட்டார், அளவு எடுத்ததாம், வேறு ஜன்னலுக்குப் பொருந்தாதாம்.

"நாலு நாளா கேக்கறேன்ல, பேரைப் பாருன்னு" என்றார் ரௌஷான் அக்கா. "மொதல்லயே நீங்க சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீயே பாத்தா உனக்கு மரியாதையா இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

இப்போதைய நிலவரப்படி இந்த ஊரில் நான் இல்லை. சம்பளப் பட்டியல் என்னை ஏற்கவில்லை. பிபிகுல் மூன்று நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள், அதுவும் குழந்தை விழித்துக்கொள்ளும் அளவுக்கு. "விருந்துக்கு வா அண்ணே. வந்து உக்காரு. ஆனா கறி கேக்காத. கணக்குல இல்லாதவனுக்குப் பங்கு ஏது?" ஷெக்கெர் அம்மா எலும்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே என் மூன்றாவது கோரிக்கையை மாற்றிக்கொள்கிறேன். மேலே எழுதிய வாக்கியத்தைச் சொல்ல வேண்டாம். என்னை மறுபடி பதிய, நான் பிறந்தது தெரிந்த ஒரு சாட்சி வேண்டுமாம், தாய்வழி உறவாக இருக்க வேண்டுமாம். நான் பிறந்த செய்தியைக் குதிரையில் கொண்டுவந்து தாத்தாவிடம் புதுச் சட்டை பரிசு வாங்கியவர் நீங்கள். வந்து, இவன் பிறந்தவன்தான் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பலகையில் இப்போது நானில்லாமல் 2,00,002. நான் சேர்ந்தால் 2,00,003. சரிபார்த்துவிட்டேன், பகா எண். ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கு வலி எடுத்திருக்கிறது, ஆகவே சீக்கிரம்.

ஓராஸ் இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நான் வரட்டுமா?" என்று கேட்டேன். "நீ ஏறினா பதினாலுன்னு எண்ணலாமா கூடாதா, அத மொதல்ல சொல்லு தம்பி" என்றார். ஏறிவிட்டேன். எண்ணட்டும். எனவே இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பவன் நானேதான். தொப்பியைக் கழற்றச் சொல்லாதீர்கள். பிபிகுலின் கடிதத்தையும் ஓராஸ் என்னிடமே கொடுத்துவிட்டார், சட்டைப் பையில் இருக்கிறது, பிரிக்கவில்லை. அதை முதலில் படியுங்கள்.